கடற்கரையில் கூடாரம் போட ஜனவரியிலேயே இடம் பிடியுங்கள்

இங்கே தென்னாப்பிரிக்காவில், ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் பாதியைத் தாண்டியதும் டர்பனிலும் சாட்ஸ்வொர்த்திலும் உள்ள உறவினர்களிடமிருந்து எனக்கு ஒரே கேள்வி வரத் தொடங்கிவிடுகிறது: "டிசம்பரில் பிள்ளைகளோடு கடலோரமாகவே கேப் டவுன் வரை காரில் போகிறோம், வழியில் குடும்பத்தோடு கூடாரம் போட்டுத் தங்க நல்ல இடம் எது?" கேட்பவர்களின் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் நவம்பரில் கேட்டால் என்னிடம் நல்ல பதில் இருப்பதில்லை. அந்த இடங்களில் பெரும்பாலானவை அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே நிரம்பிவிட்டவை. இதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் விரிவாக எழுதிவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு.

எங்கள் முதல் பயணத்தில் நாங்களும் இதே தவறைச் செய்தோம். முன்பதிவு எதுவும் இல்லாமல், "போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற நம்பிக்கையில், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் விடியற்காலையில் டர்பனிலிருந்து என்2 சாலையில் கிளம்பினோம். கோக்ஸ்டாட், ம்தாதா வழியாக ஈஸ்ட் லண்டன் பக்கம் போய்ச் சேரும்போது மாலையாகிவிட்டது. முதலில் போன இடத்தின் வாசலில் இடமில்லை என்ற பலகை தொங்கியது. இரண்டாவது இடத்திலும் அப்படியே. மூன்றாவது இடத்தின் காவலர் எங்கள் பிள்ளை பின்னிருக்கையில் தூங்குவதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கேட்டு வந்தார். அவருடைய முகத்தைப் பார்த்ததுமே பதில் தெரிந்துவிட்டது. அன்றிரவு ஒரு பெட்ரோல் நிலையத்தின் விளக்கு வெளிச்சத்தில், கார்க் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொண்டு, நானும் என் கணவரும் மாறி மாறி விழித்திருந்தோம். நான்கு வயதுக் குழந்தைக்குக் கொசுக்கடி, வியர்வை, அழுகை. இருட்டில் மேற்கொண்டு ஓட்டவும் துணிவில்லை. இந்த நாட்டின் கிழக்குப் பகுதியில் இரவில் மாடும் ஆடும் சாலைக்கு வந்துவிடும் என்பது இங்கே வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

அந்த மூன்று இடங்களின் மீதும் எனக்கு வருத்தம் இல்லை. டிசம்பர் நடுவில் பள்ளிகள் மூடுகின்றன. கட்டுமானத் துறைக்கு ஏறக்குறைய அதே நாட்களில் ஆண்டு விடுமுறை. டிசம்பர் 16 அரசு விடுமுறை நாள் என்பதால் அதை ஒட்டியே ஜோஹன்னஸ்பர்க், பிரிட்டோரியா, ஃப்ரீ ஸ்டேட் பக்கமிருந்து குடும்பங்கள் கேரவனை, அதாவது சக்கர வீட்டை, காரில் கட்டி இழுத்துக்கொண்டு கடலை நோக்கி வரத் தொடங்கிவிடுகின்றன. ஜனவரி முதல் வாரம் வரை இந்தக் கூட்டம் குறைவதில்லை. இவர்களில் பலர் ஒரே இடத்துக்கு, ஒரே மரத்தடிக்கு, ஆண்டுதோறும் வருகிறவர்கள். சில கேரவன் பூங்காக்களில், முந்தைய ஆண்டு தங்கியவருக்கே அடுத்த ஆண்டு அதே இடத்தை எடுத்துக்கொள்ளும் முதல் உரிமையும் உண்டு. தாத்தா பிடித்த இடத்தில் அப்பா, அப்பா இருந்த இடத்தில் பிள்ளை என்று அது ஒரு குடும்ப வழக்கமாகவே தொடர்கிறது. எப்போது பதிவு செய்ய வேண்டும், எந்த மூலையில் காற்று அடிக்கும், எந்தக் குழாயில் தண்ணீர் நன்றாக வரும் என்பதெல்லாம் அவர்கள் யாரையும் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. வீட்டில் வளரும்போதே கூட வந்த அறிவு அது.

நம் தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த அறிவு ஏன் வரவில்லை என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. 1860-இல் நம் முன்னோர் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கிய நாள் முதல் இந்தக் கடலின் கரையில்தான் வாழ்கிறோம். ஆனால் 1953-இல் வந்த தனி வசதிகள் சட்டம் கடற்கரை, பூங்கா, கழிப்பிடம் என்று எல்லாப் பொது இடங்களையும் இனவாரியாகப் பிரிக்க வழி செய்தது. அது 1990-இல்தான் நீக்கப்பட்டது. என் கணவரின் பெரியப்பாவுக்கு இன்று எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. நான் அவரைப் பெரிய மாமா என்றுதான் அழைப்பேன். அவருடைய இளமையில் குடும்பம் தெற்குக் கடற்கரைப் பக்கம் போனால், பாட்டி புளிச்சோறும் உருளைக்கிழங்கும் கட்டிக்கொண்டு வருவாராம். சாலையோரத்தில் வண்டியை நிறுத்திச் சாப்பிட்டுவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுவார்களாம். வேலிக்கு அப்பால் கேரவன்களும் வண்ணக் கூடாரங்களும் தெரியும். அது வெள்ளையருக்கு மட்டுமான இடம் என்பதால் அந்த வாசலுக்குள் கால் வைக்க முடியாது. "அங்க எப்படித் தூங்குவாங்கன்னு நாங்க பேசிக்கிட்டே வருவோம், மா," என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அந்த ஒரு வரியைக் கேட்ட பிறகுதான், இந்த முன்பதிவு விஷயத்தை நான் இவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்ளத் தொடங்கினேன். கதவு திறந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், உள்ளே போகும் வழக்கம் நம்மிடம் வேர்விடவில்லை என்றால், அந்தச் சட்டம் செய்த வேலையை நம் சோம்பல் தொடர்ந்து செய்துகொண்டிருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

ஆகவே முதல் வேலை நாட்காட்டியைப் பார்ப்பது. தேசியப் பூங்கா நிர்வாகத்தின் கூடார இடங்களுக்கு ஏறத்தாழ பதினொரு மாதங்களுக்கு முன்பே பதிவு திறந்துவிடுகிறது. அதாவது, இந்த டிசம்பர் பயணத்தின் மணலை உதறிக் கூடாரத்தை மடிக்கும்போதே அடுத்த டிசம்பருக்கான பதிவு வந்துவிடும். ஜனவரியில் உட்கார்ந்து தேதியை முடிவு செய்கிறவருக்கு இடம் கிடைக்கும். குடும்ப வாட்ஸப் குழுவில் எல்லோரும் ஒத்துக்கொள்ளட்டும் என்று காத்திருப்பவருக்குக் கிடைக்காது. முதலில் இடத்தைப் பிடித்துவிட்டு, யார் யார் வருகிறார்கள் என்று பிறகு பேசுங்கள். ஓர் இடத்தில் பொதுவாக ஆறு பேர் வரைதான் தங்கலாம் என்பதால், பத்துப் பன்னிரண்டு பேராகப் போகும் நம்மைப் போன்ற குடும்பங்கள் அடுத்தடுத்து இரண்டு இடங்களைப் பிடித்தாக வேண்டும். தாமதமானால் தனித்தனி மூலையில் இரண்டு இடங்கள்தான் அகப்படும். இரவில் பாட்டியை ஒரு கோடியிலும் பேரப்பிள்ளையை மறு கோடியிலும் தூங்க வைக்க நேர்ந்தால் யாருக்குமே நிம்மதி இருக்காது.

எந்த இடம் என்று கேட்டால், என் தேர்வு குழந்தைகளையும் முதியவர்களையும் வைத்துத்தான். கேப் டவுன் போகும் வழியில் தென்கடற்கரையில் இருக்கும் கார்டன் ரூட் தேசியப் பூங்காவில் ஸ்டோர்ம்ஸ் ரிவர் மௌத் போல அழகான இடத்தை நான் பார்த்ததில்லை. கூடாரத்தின் வாசலைத் திறந்தால் அலை பாறையில் அடித்துச் சிதறுவது தெரியும். நடந்து போனால் ஆற்றின் முகத்துவாரத்துக்கு மேலே 77 மீட்டர் நீளத் தொங்கு பாலம். ஆனால் அது பாறைக்கரை, காற்றும் அதிகம். நடக்கப் பழகும் குழந்தை இருந்தால் ஒரு நொடியும் கண்ணை எடுக்க முடியாது. அத்தகைய குடும்பங்களுக்கு நான் சொல்வது அதே பூங்காவின் வில்டர்னஸ் பகுதியில், டவ்ஸ் ஆற்றங்கரையில் இருக்கும் எப் அண்ட் ஃப்ளோ முகாம். தட்டையான புல்தரை, மரநிழல், பிள்ளைகள் கால் நனைக்க அமைதியான ஆறு. கடலுக்குக் காரில் சில நிமிடங்கள். இந்தக் கரையில் ஆண்டு முழுவதும் மழை பெய்யும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஜோஹன்னஸ்பர்க்கிலோ டர்பனிலோ வாங்கிய மெல்லிய கூடாரத்தை வீட்டு முற்றத்தில் விரித்து, குழாயில் தண்ணீர் அடித்துப் பார்த்த பிறகு எடுத்துப் போங்கள்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் வடக்கே திரும்பலாம். செயின்ட் லூசியாவுக்கு டர்பனிலிருந்து ஏறத்தாழ மூன்று மணி நேரம். அங்கிருந்து பூங்காவுக்குள் சுமார் 30 கிலோமீட்டர் போனால் கேப் விடால். 1999-இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்ட இசிமங்கலிசோ சதுப்புநிலப் பூங்காவுக்குள் இருக்கும் அந்த முகாம் மணல்மேட்டுக் காட்டின் நிழலில் இருக்கிறது. வாசல் மூடும் நேரத்துக்கு முன்பே போய்ச் சேர வேண்டும். குரங்குகளிடமிருந்து சாப்பாட்டைக் காப்பாற்றுவது அங்கே முழுநேர வேலை. இட்லிப் பானையை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பி ஒரு கரண்டி எடுப்பதற்குள் என் நாத்தனார் நான்கு இட்லியை இழந்தார்.

பதிவு செய்யும்போது மூன்றைக் கேட்டுவிடுங்கள்: குளியலறைக்கு எவ்வளவு தூரம், மதியத்தில் நிழல் உண்டா, மின் இணைப்பு உண்டா. மூட்டு வலி உள்ள ஒருவர் இரவில் மூன்று முறை எழுந்து நடக்க வேண்டும் என்றால் முதல் கேள்விதான் எல்லாவற்றையும்விட முக்கியம். மின் இணைப்பு இருக்கும் இடங்களில் வீட்டுப் பிளக் சேராது; கேரவனுக்கான நீல நிற மூன்று முள் பிளக்கும் நீண்ட வயரும் கையில் இருக்க வேண்டும். சைவம் சாப்பிடுகிறவர்கள், எல்லோரும் இறைச்சி சுடும் பிராய் அடுப்பின் மேல் வைக்கத் தங்கள் சொந்தக் கம்பி வலையையும் தோசைக்கல்லையும் கொண்டு போவது நல்லது.

கடைசி நேரத்தில் தேடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சமூக ஊடகத்தில் "டிசம்பருக்கு ஓர் இடம் காலியாக இருக்கிறது" என்று தெரியாதவர் போடும் விளம்பரத்தை நம்பித் தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள். எங்கள் உறவினர் ஒருவர் பாதித் தொகையை அப்படித்தான் இழந்தார். அதற்குப் பதில், முகாம் அலுவலகத்துக்கே தொலைபேசியில் அழைத்து, யாராவது ரத்து செய்திருக்கிறார்களா என்று தினமும் பொறுமையாகக் கேளுங்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரத்தில் எங்களுக்கே ஒருமுறை அப்படி இடம் கிடைத்தது.

அந்த முறைதான் பெரிய மாமாவை முதன்முதலாக அழைத்துப் போனோம். பதிவுச் சீட்டை அச்செடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, வழி முழுவதும் அவரே மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஸ்டோர்ம்ஸ் ரிவர் வாசலில் காவலர் பட்டியலில் விரலை ஓட்டியபோது, கண்ணாடியை இறக்கி, "நம்ம பேர் இருக்கா, மா?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார். காவலர் எங்கள் பெயரை உரக்கப் படித்துக் கம்பத்தைத் தூக்கினார். மறுநாள் காலை ஐந்து மணிக்கு நான் எழுந்தபோது, மாமா போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு மடக்கு நாற்காலியில் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தூக்கம் வரவில்லையா என்று கேட்டேன். நன்றாகத் தூங்கியதாகவும், அலைச் சத்தம் தலைக்குப் பக்கத்திலேயே கேட்டதாகவும் சொன்னார்.

வரும் டிசம்பருக்கு இரண்டு இடங்களை ஜனவரியிலேயே பிடித்துவிட்டோம். பத்துப் பேர் வருகிறோம். குளியலறைக்குப் பக்கத்தில் வேண்டும் என்பது பெரிய அத்தையின் கோரிக்கை. மாமாவுக்கு முன்பு இருந்த அதே கடலோர வரிசைதான் வேண்டும்.