அப்பா பிழைத்துக்கொண்டார், அதனால் அவசரம் இல்லையாம்

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு அமெரிக்காவிலிருந்து தம்பி போன் பண்ணினான். அப்பாவைப் பார்த்துவிட்டுத் திரும்ப, அங்கே குடியேற்ற ஆபீஸில் அவசர அனுமதி கேட்டிருந்தான். "அக்கா, முடியாதுன்னுட்டாங்க." ஏன் என்று கேட்டேன். "அப்பா டிஸ்சார்ஜ் ஆயிட்டாரில்ல. அதனால இப்ப எமர்ஜென்சி இல்லையாம்."

எமர்ஜென்சி இல்லையாம்! ஸ்ட்ரோக்கில் வலது கையும் காலும் விழுந்து, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு, ஸ்பூனில் கஞ்சி ஊட்டினால் பாதி தாடையில் வழிய உட்கார்ந்திருக்கிறார் 73 வயது மனுஷன். அவர் பிழைத்ததுதான் குற்றமா? அவர் ஐசியூவில் இருந்தபோது பேப்பர் சரியில்லை என்றார்கள். பேப்பர் சரியானபோது அவர் ஐசியூவில் இல்லை என்கிறார்கள். எப்போதுதான் ஒரு பிள்ளை அப்பனைப் பார்க்க வரலாம்?

ஐ-485, அதாவது கிரீன் கார்டுக்கான விண்ணப்பம், போட்டுவிட்டுக் காத்திருக்கும் வீடுகளுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. தம்பி 2014-இல் வரிசையில் நின்றவன், 2020 அக்டோபரில் விண்ணப்பம் போடத் தேதி திறந்தபோது ராப்பகலாக அலைந்து பேப்பர் சேர்த்துப் போட்டான். இன்னும் பெண்டிங். நடுவில் வேலை மாறினான். புது கம்பெனி ஹெச்-1பி வேலை விசா எடுக்கவில்லை, விண்ணப்பம் பெண்டிங்கில் இருப்பவர்களுக்குத் தரும் ஈஏடி என்ற வேலை அனுமதிக் கார்டில்தான் சேர்ந்தான். அதனால் ஹெச்-1பி கைவசம் உள்ளவர்கள் போய்வரும் வழி அவனுக்கு அடைபட்டது. அட்வான்ஸ் பரோல், அதாவது வெளியே போய்த் திரும்பி வர முன்கூட்டியே வாங்கும் அனுமதி, இல்லாமல் விமானம் ஏறினால் கிரீன் கார்டு விண்ணப்பத்தை அவனே கைவிட்டதாகக் கணக்கு. பழைய பரோல் காலாவதி. புதுசுக்கு ஐ-131 ஃபாரம் போட்டு எட்டு மாதம் ஆகிறது. அது தானாக நீள்கிற சமாச்சாரமும் இல்லை. மிச்சம் இருந்தது அவசரப் பரோல் ஒன்றுதான்.

அதற்கு டாக்டர் லெட்டர் வேண்டும். அந்த லெட்டருக்கு நான் பட்ட பாட்டைச் சொல்லாமல் விடமாட்டேன்.

அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்த மூன்றாம் நாள், கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் காலை பத்து மணிக்கு பில்லிங் கவுண்டரில் நின்றேன். "டிஸ்சார்ஜ் சம்மரி டிஸ்சார்ஜ் அன்னைக்குத்தான் தருவோம்" என்றார்கள். சம்மரி வேண்டாம், நிலைமை மோசம் என்று ஒரு கடிதம் போதும் என்றேன். "இன்சூரன்ஸுக்கா?" இல்லை, அமெரிக்காவில் இருக்கும் பையன் வர. "அதுக்கு ஃபார்மேட் இருக்குதா?" இல்லை. "அப்ப டூட்டி டாக்டரைப் பாருங்க." டூட்டி டாக்டர் பாவம், சின்னப் பையன். "சீரியஸ்னு எழுதணும்னா சீஃப்தான் கையெழுத்துப் போடணும்மா" என்றான். சீஃப் ஆபரேஷனில் இருந்தார். பன்னிரண்டு மணி, ஒரு மணி, மூன்று மணி. ஐசியூ வாசலில் உள்ள இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். நாலு நாற்பதுக்குக் கடிதம் கைக்கு வந்தது. லெட்டர்ஹெட், சீல், கையெழுத்து எல்லாம் இருந்தது. போட்டோ எடுத்து அனுப்பினேன். தம்பி இரண்டரை மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு குடியேற்ற ஆபீஸுக்குப் போனான். பெட்டியைக் கட்டி டிக்கியில் வைத்துக்கொண்டுதான் போனான். ஏர்போர்ட்டுக்கு அப்படியே போய்விடலாம் என்று நினைத்திருக்கிறான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கடிதத்தையும் தம்பி பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு பெயர் மேலும் விரல் வைத்தாராம். அப்பா பெயர் பழனிசாமி. பாஸ்போர்ட்டில் அந்தச் 'சாமி'க்கு எஸ். கடிதத்தில் சி ஹெச். "இது வேறு ஆள்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கேரள எல்லையில், எங்கள் பாலக்காடு ஜில்லாவின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் இருக்கிறவர்களுக்கு இந்தக் கதை தெரியும். நாம் சாமி என்போம். ரேஷன் கார்டு எழுதுகிறவர் நம் 'ச'வை மலையாளத்து 'ச'வாக எழுதுவார். அங்கே அது சாமியாக நிற்காது, அழுத்தி 'ச்சாமி' ஆகிவிடும். அங்கிருந்து ஆதாரில் இங்கிலீஷுக்குப் போகும்போது சி ஹெச். தம்பி பொள்ளாச்சியில் படித்தான். அந்தப் பள்ளிக்கூடத்தில் எஸ் போட்டார்கள். இருபது கிலோமீட்டர் தூரத்தில் அப்பா இரண்டு ஆளாகிவிட்டார்!

இரண்டும் ஒரே ஆள்தான் என்று சர்ட்டிபிகேட் வாங்க, கேரளத்தில் அரசு விண்ணப்பங்களை ஆன்லைனில் ஏற்றித் தரும் அக்ஷயா சென்டருக்கு ஓடினேன். அங்கே இருந்த பெண் தங்கமானவள், மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிவைத்து ஏற்றிக் கொடுத்தாள். அப்புறம் வில்லேஜ் ஆபீஸ். நடுவில் இரண்டாம் சனி, ஞாயிறு. கையில் வந்தது மலையாளத்தில். அதை இங்கிலீஷில் பெயர்த்து, பெயர்த்தவர் தனக்கு இரண்டு மொழியும் தெரியும், முழுசாகச் சரியாகப் பெயர்த்திருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டால்தான் அங்கே எடுப்பார்கள். அதையும் ஆள் பிடித்து முடித்தேன். அதற்குள் பதினோராவது நாள், அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார்.

தம்பி மறுபடி போனான். இந்தமுறை டிஸ்சார்ஜ் சம்மரியும் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கிறார்கள். அதில் கடைசி வரியில் 'ஸ்டேபிள்' என்று இருந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது எல்லா ஆஸ்பத்திரியும் எழுதுகிற வார்த்தை அது! அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார்கள்.

அந்த நாட்டில் 13 வருஷம் வரி கட்டியிருக்கிறான். வேலை வழியாக வருஷத்துக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டு, அதில் ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்குப் பொதுவாக 7 சதவீதம் என்று வைத்திருக்கிறார்கள். குட்டி நாட்டுக்கும் அதே ஏழு, நமக்கும் அதே ஏழு. சரி, வரிசையில் நிற்கிறோம், நிற்கமாட்டேன் என்று யார் சொன்னது? வரிசையில் நிற்கிறவன் பெற்றவனைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து அதே இடத்தில் நின்றால் யாருக்கு என்ன நஷ்டம்?

இதில் அந்தப் பெயர் வேறு. பரோல்! எங்கள் ஊரில் பரோல் என்றால் ஜெயிலில் இருப்பவனுக்குக் கொடுப்பது. அம்மா வாய் தவறி "பையனுக்கு பரோல் கிடைக்கலை" என்று சொல்லிவிட்டு, எதிர்வீட்டுக்காரி முகம் மாறியதைப் பார்த்து உள்ளே வந்து அழுதாள். வருகிற சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு டஜன் ஆரஞ்சை வைத்துவிட்டு, "ஒத்தைப் பையன், ஒரு எட்டு வந்து பாக்க மாட்டானா, அங்க பணம் இருந்தா போதுமா" என்கிறார்கள். அவன் பெட்டி பதினைந்து நாளாக டிக்கியிலிருந்து இறங்கவில்லை என்பதை எத்தனை பேரிடம் சொல்வேன்? ஒருத்தரும் நம்புவதில்லை.

அப்பா தினமும் சாயங்காலம் பஸ் ஹாரன் கேட்டதும் வாசலைப் பார்ப்பார். "வந்துட்டானா கண்ணு?" நாலு வார்த்தை பேச முடிகிறது என்றால் அதில் இரண்டு இதுதான்.

இன்று காலை அம்மாவின் பெயரை எடுத்துப் பார்த்தேன். செல்லம்மாள். தம்பி பாஸ்போர்ட்டில் எஸ், ரேஷன் கார்டில் சி ஹெச். இப்போதே திருத்தி வைத்துவிட வேண்டும் என்று ஃபாரம் வாங்கி வந்தேன். முழுக்க மலையாளம். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கூட அம்மாவுக்குத் தெரியவில்லை. சித்தூர் தாலுகாவில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்தான் பேசுகிறோம். தமிழில் எழுதிக் கொடுக்கலாம், தமிழில் பதில் தர வேண்டும் என்று கேரளச் சட்டத்திலேயே இருக்கிறது. கேட்டால் "தமிழ் ஃபாரம் வரலை" என்கிறார்கள். எத்தனை வருஷமாக வரவில்லை? யார் அச்சடிக்க வேண்டும்? யாரைக் கேட்க வேண்டும்?