ஏற முடியாமல் நின்றவர்களையும் கேளுங்கள்

ஒரு தடத்தில் எத்தனை பேர் போனார்கள், வசூல் எவ்வளவு என்பதையெல்லாம் கண்டக்டர் கையில் இருக்கும் டிக்கெட் கருவி சொல்லிவிடும். கூடையோடு நின்றதால் ஏற்றப்படாத பெண்ணை அது அறியாது. மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் வண்டி நிற்காமல் போனதால் முதல் வகுப்பைத் தவறவிட்ட மாணவியையும் அறியாது. கடைசி பஸ் சீக்கிரமே போய்விடும் என்பதற்காக ராமநாதபுரம் டவுனில் கிடைத்த கடை வேலையை வேண்டாம் என்று சொன்னவர் எந்தக் கணக்கிலும் இல்லை. பஸ் நடையைக் கூட்டுவதும் குறைப்பதும் அந்தக் கருவியின் கணக்கை மட்டும் வைத்து நடந்தால், பஸ் போகாத ஊருக்குக் கூட்டமில்லை என்று காரணம் சொல்லியே காலமெல்லாம் பஸ் விடாமல் இருக்கலாம். அதனால்தான் மக்களிடம் நேரில் போய்க் கேளுங்கள் என்று திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நம் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையின் நீளம் சுமார் 237 கிலோமீட்டர். தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் நம்முடையது. வடக்கே எஸ்.பி.பட்டினம், தொண்டியில் தொடங்கித் தெற்கே மூக்கையூர், நரிப்பையூர் வரை ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலை பல ஊர்களுக்குள் நுழைவதில்லை. விலக்கில் இறங்கி, இருபுறமும் சீமைக்கருவேலம் அடைத்து நிற்கும் பாதையில் நடந்துதான் வீட்டுக்குப் போக வேண்டும். பகலில் அது வெறும் தூரம். இருட்டிய பிறகு ஒரு பெண் பிள்ளைக்கு அதே பாதை படிப்பையே நிறுத்திவிடும். கணக்கெடுப்பவர்கள் பஸ் நிலையத்தில் நின்று கேட்டால் இந்தப் பாதை அவர்கள் கண்ணில் படவே படாது.

எங்கே கேட்பது என்பதைப் போலவே எப்போது கேட்பது என்பதும் முக்கியம். ராமேசுவரத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று முறை வைத்துக் கடலுக்குப் போய் மறுநாள் காலையில் கரை திரும்புகின்றன. ஆகவே செவ்வாய், வியாழன், ஞாயிறு விடியலில் கரையில் மீன் அதிகம். ஏலம் எடுத்த பெண்கள் அன்னக்கூடையோடு ஊர் ஊராகப் புறப்படுவதும் அந்த நாட்களில்தான் கூடுதல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் நாட்டுப்படகு மீன் மட்டும்தான் என்பதால் இந்தப் போக்குவரத்து முழுவதும் மாறிவிடும். கடற்பாசி எடுக்கப் போகிற பெண்களோ கடல் வற்றும் நேரம் பார்த்துக் கிளம்புகிறவர்கள். பஸ் கால அட்டவணைக்கு இதெல்லாம் தெரியாது. அட்டவணை போடுகிறவர் கரைக்கு வந்து கேட்டால் ஒரே காலைப்பொழுதில் தெரிந்துகொள்ளலாம்.

பாம்பனில் மீன் விற்கும் பெண்களிடம் நான் பேசியபோது வயதான ஓர் அம்மா சொன்னார்: “பஸ் வேணும் என்று யாரிடம் சொல்ல, தம்பி? நாங்கள் நேரில் பார்க்கிற ஒரே சர்க்கார் ஆள் கண்டக்டர்தான்.” அவர்கள் கேட்டது பெரிய விஷயமே இல்லை. பின்பக்கப் படிக்கட்டுக்கு அருகில் இரண்டு இருக்கைகளை எடுத்துவிட்டால் கூடைகளை அங்கே வைத்துக்கொள்ளலாம், மற்றவர்களுக்கும் இடைஞ்சல் இருக்காது என்றார்கள். தண்ணீர் ஒழுகாத மூடி போட்ட பாத்திரத்துக்கு மாறவும் தயாராக இருக்கிறார்கள். எந்த நிபுணர் குழுவும் இதைவிடத் தெளிவான யோசனையைச் சொல்லியிருக்க முடியாது என்று உறுதியாக நம்புகிறேன். இத்தனை காலம் இவர்களை யாருமே கேட்கவில்லை என்பதுதான் எனக்குக் கோபம்.

2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. நம் கடலோரப் பெண்கள் வாழ்வில் அது செய்த நன்மையை நேரில் பார்க்கிறவன் நான். அதே ஆண்டு டிசம்பரில், கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வந்த மூதாட்டி ஒருவர் நாற்றம் அடிக்கிறது என்று பஸ்ஸிலிருந்து இறக்கிவிடப்பட்டார். பஸ் நிலையத்தில் அவர் ஆற்றாமையோடு குரல் எழுப்பிய வீடியோ பரவியது. முதலமைச்சர் கண்டனம் தெரிவித்தார், ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். வீடியோ எடுக்க அன்று அங்கே ஆள் இருந்தார். இல்லாத இடங்களில் என்ன நடக்கிறது? ஒருவருக்கு நேர்ந்த அவமானம் ஊரறியப் பரவினால்தான் அரசின் காதுக்கு எட்டும் என்ற நிலை இனியும் தொடரக் கூடாது.

கண்டக்டர்களையும் டிரைவர்களையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமல்ல. கருத்து கேட்பதில் முதல் வரிசையில் அவர்கள் இருக்க வேண்டும். எந்த விலக்கில் எந்த நேரத்தில் யார் நிற்பார்கள் என்பது அவர்களுக்கு மனப்பாடம். ஒரு நடைக்குக் கொடுக்கப்படும் ஓட்ட நேரம் போதவில்லை என்றால் அவர்கள் நிறுத்தத்தைத்தான் தாண்டிப் போவார்கள். 1988இல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தில் சுற்றுலா வண்டிகளை நிறுத்திப் படம் எடுக்கிறவர்களால் டவுன் பஸ் தாமதமாகிறது. பழியைக் கேட்பது டிரைவர். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் வெளியூர்க் கூட்டத்துக்கு நடுவே ராமேசுவரம் தீவுக்காரர்கள் சொந்த ஊர்ப் பஸ்ஸில் கால் வைக்க முடியாமல் தவிப்பதும் அவர்கள் கண்முன்னே நடப்பதுதான். டெப்போவில் அவர்களை உட்கார வைத்து, மேலதிகாரி பக்கத்தில் இல்லாமல், மனம்விட்டுப் பேச விட வேண்டும்.

நல்ல வாய்ப்பு ஒன்றை நாம் ஏற்கெனவே நழுவவிட்டோம். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் ரயில் பாலத்தில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கும் வரை, இரண்டு ஆண்டுகளுக்கும் மேல், தீவுக்குள் ரயில் கிடையாது. ரயிலைப் பிடிக்க மூட்டை முடிச்சு, குழந்தைகள், முதியவர்கள் என்று சாலை வழியாகவே மண்டபம் பக்கம் வர வேண்டியிருந்தது. எந்த ரயிலுக்கு இணைப்பு பஸ் வேண்டும், எந்த நேரத்தில் ஆட்டோவுக்கு வாய்க்கு வந்த வாடகை கேட்கிறார்கள் என்று அன்று தங்கச்சிமடத்தில் எந்த வீட்டில் கேட்டிருந்தாலும் பதில் கிடைத்திருக்கும். அந்த அனுபவம் இன்னும் மக்கள் நினைவில் இருக்கிறது. இப்போது கேட்டாலும் பயன் உண்டு.

புதிய மினி பஸ் திட்டத்தின் வரைவை 2024இல் வெளியிட்டுக் கருத்து கேட்ட அரசு, 2025 ஜூனில் அதைத் தஞ்சாவூரில் தொடங்கி வைத்தது. ஒரு தடத்தின் நீளம் அதிகபட்சம் 25 கிலோமீட்டர், அதில் பெரும்பகுதி பஸ் போகாத பாதையாக இருக்க வேண்டும் என்பது விதி. விலக்கிலிருந்து கரை வரை கிடக்கும் நம் பாதைகளுக்காகவே செய்தது போன்ற விதி இது. கொள்கையைப் பற்றிச் சென்னையில் கேட்டார்கள், சரி. எந்த விலக்கிலிருந்து எந்தக் கரைக்கு என்பதைப் பெரியபட்டினத்திலும் மோர்ப்பண்ணையிலும் வாலிநோக்கத்திலும் கேட்டால்தான் தடம் உருப்படியாக அமையும். ஏர்வாடி தர்காவுக்கு மனநலம் குன்றியவர்களை அழைத்து வரும் குடும்பங்களையும், உயரமான படியில் ஏற முடியாத மாற்றுத்திறனாளிகளையும் விட்டுவிட வேண்டாம். பஸ்ஸில் கியூஆர் குறியீடு ஒட்டிவிட்டால் கருத்து கேட்டாயிற்று என்று நினைப்பது பெரும் தவறு. இவர்களில் பலரிடம் அதற்கான போன் இல்லை. இருப்பவர்களுக்கும் நின்று நிரப்ப நேரம் இல்லை.

கேட்டதோடு வேலை முடிந்துவிடாது. எங்கள் பகுதிப் பெண்கள் கையெழுத்திட்டு ஓர் அலுவலகத்தில் கொடுத்த மனுவுக்கு, “உரிய நடவடிக்கைக்குப் பரிந்துரைக்கப்பட்டுள்ளது” என்று ஒரு வரி வந்தது, மனு முடித்து வைக்கப்பட்டது. என்ன நடவடிக்கை, யாரிடம், எப்போது, எதுவும் இல்லை. அந்தக் கையெழுத்துகளுக்காக வீடு வீடாக அலைந்த அக்கா இனி எந்த மனுவிலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மக்கள் என்ன கேட்டார்கள், எதை ஏற்றோம், எதை மறுத்தோம், ஏன் மறுத்தோம் என்று அந்தந்த நிறுத்தத்திலேயே தமிழில் ஒரு தாள் ஒட்டட்டும். டிரைவர் பற்றாக்குறை என்றால் அதையே எழுதட்டும். காரணத்தோடு சொல்லும் மறுப்பை நம் மக்கள் ஏற்றுக்கொள்வார்கள். பதிலே வராததுதான் அவர்களை வாய்மூட வைக்கிறது.

அரசு வந்து கேட்கும் வரை நாமும் காத்திருக்க வேண்டியதில்லை. பாம்பன், தங்கச்சிமடம் போன்ற ஊராட்சிகளில் குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி என்று கிராம சபை கூடுகிறது. ராமேசுவரம், கீழக்கரை போன்ற நகராட்சிகளில், கிராம சபையைப் போல, வார்டுக்குள் மக்கள் கூடும் பகுதி சபை இருக்கிறது. தீர்மானத்தில் “பஸ் வசதி வேண்டும்” என்று மொட்டையாக எழுத விடாதீர்கள். எந்த விலக்கு, எந்தக் கிழமை, எத்தனை மணி, யாருக்காக, தடைக்காலத்தில் எப்படி என்று விவரமாக எழுதச் சொல்லுங்கள். மீன் விற்கும் பெண்களையும் கல்லூரி மாணவிகளையும் அவர்கள் வாயாலேயே பேச வையுங்கள். தீர்மான நகலை டெப்போவின் கிளை மேலாளரிடம் நேரில் கொடுத்து, இன்னொரு நகலில் தேதியோடு ஒப்புகை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த சபையில் அந்த நகலை எடுத்து வைத்து, என்ன ஆயிற்று என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள்.