அது "உதவி" இல்லை

ஒரு கண்காட்சியில் வீடியோ படைப்புக்குப் பக்கத்தில் வைத்த பெயர் அட்டையின் படத்தை இரண்டு நாளாக எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள். இருவர் சேர்ந்து செய்த வீடியோ. மேலே பெரிதாக ஒரு பெயர். கீழே பொடி எழுத்தில் "தொழில்நுட்ப உதவி" என்று இன்னொரு பெயர். "இதில் என்ன பிரச்சினை?" என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன்.

அது உதவி இல்லை. ஒரு முகத்தில் எத்தனை நொடி நிற்பது, எங்கே வெட்டுவது, எந்த ஓசையை விட்டுவிடுவது, இதெல்லாம்தான் வீடியோ கலை. அதை முடிவு செய்தவரை உதவியாளர் என்று எப்படி எழுத மனம் வந்தது?

இந்தக் கலையின் தொடக்கத்திலேயே கூட்டு வேலை இருக்கிறது. கொரியாவில் பிறந்த நாம் ஜூன் பைக்கை வீடியோ கலையின் தந்தை என்கிறோம். அவர் ஜப்பானியப் பொறியாளர் ஷூயா அபேயோடு சேர்ந்து உருவாக்கிய, வீடியோ படத்தின் நிறத்தையும் வடிவத்தையும் மாற்றும் கருவிக்குப் பெயரே பைக்-அபே சிந்தசைசர். 1971இல் தொலைக்காட்சிப் பெட்டிகளை அடுக்கி பைக் ஒரு செல்லோ செய்தார். அதை மடியோடு அணைத்து வாசிக்க செல்லோ கலைஞர் சார்லட் மூர்மன் வேண்டியிருந்தது. வீடியோ கலையின் முன்னோடிகளான ஸ்டைனாவும் வூடி வசுல்காவும் தம்பதி. ஸ்டைனா வயலின் கலைஞர், வூடி பொறியியலும் சினிமாவும் படித்தவர். ஒருவருக்குத் தெரியாதது மற்றவருக்குத் தெரிந்திருந்தது. சேர்வது அதற்காகத்தானே!

"ஐடியா அவருடையதுதானே?" என்று உடனே வருவீர்கள். ஐடியா என்பது ஒரு வரி. அதைப் பதினொரு நிமிடம் ஓடும் படமாக்கியது யார்? டிரைபாட் தூக்கி வந்தவரையும் கலைஞர் என்று எழுதச் சொல்கிறேனா என்றால், இல்லை. அந்த வித்தியாசம் உங்களுக்கும் தெரியும். சினிமாவைக் காட்டாதீர்கள். அங்கே எடிட்டருக்குத் திரையில் தனியாகப் பெயர் வருகிறது.

பதினொரு நிமிடம் என்று சும்மா சொல்லவில்லை. நானும் ஒரு தோழியும் செய்த வீடியோவின் நீளம் அது. படம்பிடித்தது அவள், எடிட் செய்தது நான். நடுவில் ஓர் இடத்தில் அவள் அம்மாவின் முகம் வேண்டும் என்றாள். முகமே வேண்டாம் என்றேன். மூன்று இரவு சண்டை. கடைசியில் நாற்பது நொடி வெறும் இருட்டும் அவள் அம்மா மூச்சுவிடும் ஓசையும் மட்டும் வைத்தோம். அது என் யோசனையும் இல்லை, அவள் யோசனையும் இல்லை. தனியாக உட்கார்ந்திருந்தால் இருவருக்குமே தோன்றியிருக்காது. பார்த்தவர்கள் எல்லோரும் அந்த இருட்டைப் பற்றித்தான் பேசினார்கள். பிறகு ஒரு பேட்டியில் அவள், "அங்கே நான் முகத்தைக் காட்ட விரும்பவில்லை" என்றாள். நான் என்று! படித்துவிட்டு அன்று என்னால் வேறு எதுவும் செய்ய முடியவில்லை.

"முதலிலேயே எழுதி வைத்திருக்க வேண்டும்" என்பீர்கள். சரி, எழுத வேண்டும்தான். பெயர் எப்படி வரும், மூலக் கோப்பு யாரிடம் இருக்கும், விற்றால் யாருக்கு எவ்வளவு, எல்லாமே. ஆனால் நிகழ்த்துக் கலைஞர்கள் மரினா அப்ரமோவிச்சும் உலாயும் 1976 முதல் 1988 வரை சேர்ந்தே வேலை செய்தவர்கள். ஒப்பந்தமும் போட்டிருந்தார்கள். அப்படியும் சேர்ந்து செய்த படைப்புகளில் தன் பங்குக்காக உலாய் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 2016இல் நெதர்லாந்து நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. காகிதம் பணத்தை வாங்கித் தரும். அந்த மூன்று இரவுகளை என் தோழி ஏன் மறந்தாள் என்று எந்தக் காகிதத்திடம் கேட்பேன்?

கண்காட்சிக்காரர்களே, கண்காட்சி முடிய இன்னும் நாள் இருக்கிறது. அட்டையை மாற்றி அச்சடிக்கப் பத்து நிமிடம் ஆகுமா? இரண்டு பெயரையும் ஒரே வரியில், ஒரே அளவு எழுத்தில் போடுங்கள்.