சிங்கப்பூர் ஆறு 100 நாளில் தூய்மையானதா?

"சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரம் 100 நாளில் சுத்தமானது, இயந்திரம் இறக்கியதோடு வேலை முடிந்தது" என்ற செய்தி, படகுகள் நெரிந்து நிற்கும் பழைய படத்துடனும் ஆற்றங்கரைப் பகுதியான போட் கீயின் இன்றைய படத்துடனும் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருகிறது. இது தவறு.

1977 பிப்ரவரி 27 அன்று அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில், பத்தாண்டுகளில் இந்த ஆற்றில் மீன் பிடிக்கும் நிலை வர வேண்டும் என்று பிரதமர் லீ குவான் யூ இலக்கு வைத்தார். பணி 1987-இல்தான் முடிந்தது. இயந்திரங்கள் சேற்றை அள்ளியது உண்மையே. ஆனால் கழிவு வந்து சேரும் வழிகளை அடைப்பதில்தான் பெரும்பாலான ஆண்டுகள் கழிந்தன. சிங்கப்பூர், காலாங் ஆற்றுப் படுகைகளில் வாழ்ந்த ஏறத்தாழ 26,000 குடும்பங்கள் அரசுக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டன, தெருவோர உணவுக் கடைகள் கழிவுநீர் இணைப்புள்ள உணவங்காடிகளுக்குச் சென்றன, பன்றி, வாத்துப் பண்ணைகள் அகற்றப்பட்டன. முகப்பில் கண் வரைந்த சரக்குப் படகுகள், அந்தப் பழைய படத்தில் நாம் காண்பவை, 1983-இல் கடலோரப் பகுதியான பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றப்பட்டன. அவற்றை நம்பிப் பிழைத்தவர்களின் இழப்பையும் சேர்த்துச் சொல்லாத எந்தக் கணக்கும் முழுமையாகாது என்றே கருதுகிறேன்.

சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் இணையக் கலைக்களஞ்சியத்தில் இவற்றை எவரும் சரிபார்க்கலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்திருந்தால், தயவுசெய்து மேலும் பகிராதீர்கள். அனுப்பியவருக்கும் இந்த விவரத்தைத் தெரிவியுங்கள்.