கப்புக்காக மட்டும் நாய் ஷோவுக்குப் போனால் மூன்றாவது வருஷம் தாண்டாது

நாய் ஷோவுக்கு ஆசையாக வருகிற நிறைய பேர் இரண்டு மூன்று வருஷத்தில் காணாமல் போய்விடுகிறார்கள். கேட்டால், "ஜட்ஜ் எல்லாம் ஆள் பார்த்துத்தான் கொடுக்கிறாங்க" என்பார்கள். அப்படி நடப்பதே இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். நாயை ஜட்ஜ் முன்னால் நடத்திக் காட்டுகிற ஹேண்ட்லர் பெரிய ஆளாக இருந்து, அவர் கையில் கயிறு இருந்தால் ஒரு பார்வை கூடுதலாகக் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் ஆர்வம் வற்றிப்போவதற்கு அது மட்டும் காரணம் இல்லை. முதல் சுற்றான கிளாஸில் ஜெயித்து, தன் இனத்திலேயே சிறந்தது என்று பெஸ்ட் ஆஃப் பிரீட் வாங்கி, பல இனங்கள் சேர்ந்து மோதுகிற குரூப்பைத் தாண்டி, மொத்த ஷோவுக்கும் முதல் பரிசான பெஸ்ட் இன் ஷோ வரைக்கும் தோற்காமல் வீடு திரும்புவது ஒரே ஒரு நாய்தான். மிச்சப் பேர் அத்தனை பேரும் ஏதோ ஒரு ரிங்கில் தோற்றுவிட்டுத்தான் வண்டி ஏறுகிறோம்.

நாட்டு இனம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி. சில ஷோக்களில் கன்னிக்கும் சிப்பிப்பாறைக்கும் ஒன்றிரண்டு என்ட்ரிதான் இருக்கும். எதிரில் ஆளே இல்லாமல் வாங்கிய ரோஜெட்டை, அதாவது பரிசு ரிப்பன் பூவை, சுவரில் மாட்டலாம், அவ்வளவுதான்.

என்னை இதில் பிடித்து வைத்திருப்பது ரிங்குக்கு வெளியே நடக்கிற பேச்சு. நான் வைத்திருப்பது ராஜபாளையம். பால் வெள்ளையும் ரோஸ் மூக்கும் இருந்தால்தான் அழகு என்று தேடித் தேடி வளர்க்கிறோம், அந்த வெள்ளையோடு சேர்ந்தே சில குட்டிகளுக்குக் காது கேட்காமலும் போகிறது, ஏனென்றால் தோலுக்கு நிறம் தருகிற அதே செல்கள் உள்காதுக்கும் வேண்டும். ஜட்ஜ் பல் வரிசையைப் பார்ப்பார், தோள் சாய்வைப் பார்ப்பார், ஓடவிட்டு நடையைப் பார்ப்பார். ஒரு பக்கக் காது மட்டும் கேட்காத நாயை அந்த இரண்டு நிமிஷத்தில் அவரால் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்? எந்த லைனில், அதாவது எந்த வம்சத்தில், இந்தப் பிரச்சினை வருகிறது என்று தெரிந்த பெரியவர்கள் பந்தல் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். டீ வாங்கிக் கொடுத்து அரை மணி நேரம் கேட்டால் போதும், அடுத்து எதை எதோடு சேர்க்கக் கூடாது என்று தெரிந்துவிடும். 2005இல் ராஜபாளையத்துக்குத் தபால் தலை வெளியிட்டார்கள், சந்தோஷம்தான். ஆனால் குட்டிக்குக் காது கேட்பது இந்தப் பேச்சில்தான் இருக்கிறது.

அதனால் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வேன், ஷோ கேட்டலாக்கைத் தூக்கிப் போடாதீர்கள், உங்களுக்குப் பிடித்த நாயின் அப்பா அம்மா பெயரில் ஒரு கோடு போட்டு வையுங்கள். எல்லா ஊருக்கும் அலையவும் வேண்டாம். மே மாதம் ஊட்டி ஷோ என்றால் குளிருக்காகவாவது போகலாம். அப்புறம் ஒன்று, நமக்குச் சலிப்பதற்கு முன்னால் நாய்க்குச் சலித்துவிடும். ரிங்கில் வாலைத் தொங்கப்போட்டு நின்றால் அந்த சீசனுக்கு ஷோவே வேண்டாம், காட்டுப் பக்கம் கூட்டிப்போய் ஓடவிடுங்கள்.