அது வேற, இது வேற

சனிக்கிழமை மண்டபத்தில் படம் போட்ட பிறகு, கேள்வி கேட்ட ஒரு முஸ்லிம் பிள்ளையிடம் இருந்து மைக்கைப் பறித்த விஷயத்தைப் பற்றி எல்லாரும் எழுதி முடித்துவிட்டீர்கள். ஸ்கிரீன்ஷொட் வந்துவிட்டது, வொய்ஸ் நோட் வந்துவிட்டது, மண்டபத்துக்கே வராத ஒருவர் ‘நடந்தது என்ன’ என்று மூன்று பாகமாக எழுதியும் விட்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். நேற்று இரவு என்னிடம் படித்த தம்பி ஒருவன் இன்பொக்ஸில் வந்து, “சேர், பென்சன் எடுத்த நேரத்தில உங்களுக்கு இது தேவையா?” என்றான். அன்பாகத்தான் கேட்டான். அந்த அன்புதான் தாங்க முடியவில்லை.

அந்தப் பிள்ளை கேட்டது ஒரு கேள்வி. திரும்பவும் சொல்கிறேன், கேள்வி. அவள் குழப்ப வந்தவளும் இல்லை, அவளை யாரும் அனுப்பவும் இல்லை. மூன்றாவது வரிசையில் கையைத் தூக்கி, மைக் வரும்வரை பொறுத்திருந்து கேட்டாள்.

படம் 1962இல் வந்த அமெரிக்கப் படம், ‘டு கில் எ மொக்கிங்பேர்ட்’. தமிழில் வசனம் எழுதி ஓட்டினார்கள். அந்த உழைப்புக்கு என் கும்பிடு, அதில் எனக்கு வஞ்சகம் இல்லை. வெள்ளைக்காரப் பெண்ணைக் கெடுத்தான் என்று பொய்க்குற்றம் சாட்டப்பட்ட கறுப்பினத்து டொம் ரொபின்சன், அவனுக்காக வாதாடும் அட்டிகஸ் என்ற வெள்ளை வக்கீல். குற்றம் செய்யவில்லை என்று குழந்தைக்கும் விளங்குகிறது. ஆனாலும் ஜூரி சபையில் பன்னிரண்டு பேர் கூடிக் குற்றவாளி என்கிறார்கள். கீழே இருந்தவர்கள் எழும்பிப் போய்விட, மேல்மாடியில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த கறுப்பு மக்கள் மட்டும் அந்த வக்கீலுக்காக எழுந்து நிற்கிறார்கள். பாதி மண்டபம் மூக்கை உறிஞ்சியது. நானும்தான்.

படம் முடிந்ததும், “இதில் நாங்கள் யார்?” என்று கேட்டார் நெறிப்படுத்தியவர். பின்வரிசையில் இருந்து ஒரு குரல்: “நாங்கதான் டொம் ரொபின்சன்!” கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். அப்போதுதான் அந்தப் பிள்ளை கேட்டாள்: “அப்ப உங்கட கதையள்ல நாங்க யாரு?”

“அது வேற, இது வேற தங்கச்சி. படத்தைப் பற்றி மட்டும் கதைப்பம்.”

இதுதான் கிடைத்த பதில். அவள் கையிலிருந்து மைக் போய்விட்டது. நான் எழும்பி, “படத்தைப் பற்றித்தானே கேட்டா” என்றேன். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நீங்கள் கேட்ட வொய்ஸ் நோட்டில் இருக்கிறது. என்னைக் காசு வாங்கினவன் என்றவர் எவ்வளவு என்றும் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கூரை ஒழுகுகிறது, உதவும்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. அந்த நீதிமன்றத்தில் மேல்மாடி மட்டும் இல்லை, கீழ்த்தளமும் இருக்கிறது. இனவாதத்தைப் பற்றி எந்தக் கதையைப் படித்தாலும், எந்தப் படத்தைப் பார்த்தாலும் நாம் நேரே படியேறி மேல்மாடியில் போய் உட்கார்ந்துகொள்கிறோம். கீழே எங்களுக்கும் ஒரு கதிரை போட்டிருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

இதில் படத்திலும் பிழை இருக்கிறது. கெட்டவனை அடையாளம் காட்ட ஒரு குடிகாரனை வைத்திருக்கிறார்கள். அழுக்கு உடை, உமிழ்நீர், உறுமல். அவனைப் பார்த்துவிட்டு, இனவாதி என்றால் இப்படித்தான் இருப்பான், நான் பல் துலக்குகிறேன், ஆகவே நான் இல்லை என்று வீட்டுக்குப் போய்விடலாம். அந்தப் பன்னிரண்டு பேர்? அவர்கள் வீட்டில் என்ன பேசினார்கள், தீர்ப்புச் சொன்ன அன்று இரவு எப்படித் தூங்கினார்கள்? கதைக்கு அவர்கள் தேவைப்படவில்லை. எனக்கு அவர்கள்தான் தேவை. இந்தப் படத்தின் மூல நாவலை எழுதிய ஹார்ப்பர் லீயின் இன்னொரு நாவல் 2015இல் வெளிவந்தது, எத்தனையோ வருடத்துக்கு முன் எழுதி வைத்திருந்தது. அதில் இதே அட்டிகஸ், வயதான பிறகு, கறுப்பர்களுக்குச் சம இடம் கொடுக்கக் கூடாது என்கிற கூட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார். உலகமெல்லாம் வாசகர்கள் மனம் உடைந்து போனார்கள். எனக்கு ஆச்சரியமே வரவில்லை. அந்த மாதிரி நல்ல மனிதர்களோடுதான் முப்பது வருடம் ஸ்டாஃப் ரூமில் தேத்தண்ணி குடித்தேன்.

சரி, எங்களை யாராவது எழுதினால் எங்களுக்கு எப்படி இருக்கும்? சிங்கள டெலிநாடகத்தில் தமிழன் வந்தால் பெரிய பொட்டு, உடைந்த சிங்களம், பின்னால் ஒரு நாதஸ்வரத் துண்டு. கொதிக்கிறோம், நியாயம்தான். தமிழ்நாட்டுப் படத்தில் இலங்கைத் தமிழன் வந்தால் இரண்டே மொழி: ஒன்று அழுகை, மற்றது கெட்டுப்போன யாழ்ப்பாணத் தமிழ். மட்டக்களப்பான் ஒருத்தன் இருக்கிறான், அவன் ‘மறுகா’ என்பான் என்பது கோடம்பாக்கத்துக்குத் தெரியாது. அதற்கும் கொதிக்கிறோம்.

1986இல் யாழ்ப்பாணத்துக்குப் படிக்கப் போனேன். அறைத்தோழன் நல்ல பொடியன். ஆனால் என் பாயில் மட்டும் உட்கார மாட்டான். “மட்டக்களப்பார் மந்திரம் போட்டுப் பாயோட ஒட்ட வைச்சிடுவினமாம்” என்று சிரிப்பான். நானும் சிரிப்பேன். ஒருநாள் குளித்துவிட்டு வந்தபோது, என் பாயின் ஒரு முனையைத் தூக்கி அடியில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் மெதுவாக, அது இருந்த மாதிரியே, கீழே வைத்தான். நாற்பது வருடம் ஆகப்போகிறது, அந்த மெதுவை மறக்க முடியவில்லை.

இதை நான் சொன்னால் எல்லாரும் ‘ஐயோ பாவம்’ என்பீர்கள். அந்தப் பிள்ளை சொன்னால் அது வேற, இது வேற.

இனி, என் பக்கத்துக்கு வருகிறேன். யாராவது தோண்டி எடுத்துப் போடமுன் நானே போட்டுவிடுகிறேன். 1994இல் ஒரு சிற்றிதழில் என் சிறுகதை வந்தது. நாலு பேர் கடிதம் போட்டார்கள், அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம். அதில் ஒரு முஸ்லிம் புடவைக்கடைக்காரர் வருகிறார். பெயர் கிடையாது, ‘முதலாளி’தான். அத்தர் வாசம். விரலை நாக்கில் தொட்டுக் காசு எண்ணுவார். கதாநாயகியின் தாய் கடன் கேட்டு நிற்பாள், அவர் எண்ணிக்கொண்டே இருப்பார். அவ்வளவுதான் அவர் வேலை. அதை எழுதும்போது எனக்கு ஒரு சொட்டு வெறுப்பும் இருக்கவில்லை, இதைச் சத்தியம் பண்ணிச் சொல்வேன். அதுதான் பிரச்சினையே.

இரண்டு வருடம் கழித்து, கூடப் படிப்பித்த காத்தான்குடி முஸ்லிம் நண்பர் ஒருவர் அதை வாசித்துவிட்டு வந்தார். “சேர், இது எங்கட வாப்பாட கடைதானே?” என்றார். நான் வழிந்தேன். கடைக்கு முன்னால் இருந்த வேப்பமரத்தைக்கூட விடாமல் எழுதியிருக்கிறேனே. அவர் கோபிக்கவில்லை. புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: “உங்கட கதையள்ல நாங்க எப்பவும் காசு எண்ணிக்கிட்டே இரிக்கம் சேர். ஒருக்கா மவுத்தாப் போகவாவது விடுங்க.” மவுத்து என்றால் சாவு.

நான் சிரித்தேன். பாயில் சிரித்த அதே சிரிப்பு. பிறகுதான் உறைத்தது. ஆறே வருடத்துக்கு முன் அவர் ஊரில் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டுப் போட்டிருந்தார்கள். செத்தவர்கள் நூறுக்கு மேல். எங்கள் கதைகளில் அவர்கள் சாகவே இல்லை, எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். இங்கே நிறம் ஒன்று. மொழி ஒன்று. ‘குடி’ என்கிற குலம் தாய்வழியாகப் போவது தமிழர், முஸ்லிம் இரண்டு பக்கமும் ஒன்று, மகளுக்கு வீடு கொடுப்பது ஒன்று. மீன் குழம்புகூட ஒன்று. அப்படியிருக்க வேறு ஆள் என்று காட்ட எழுத்தாளனுக்குக் கையில் என்ன கிடைக்கும்? தொப்பி, அத்தர், காசு. சினிமாக்காரனுக்கு அதையும் விடச் சுலபம், ஒரு தாடி போதும். 1975இல் நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சேபி ஒரு புகழ்பெற்ற ஆங்கில நாவலைப் பற்றிப் பேசும்போது, அதில் ஆப்பிரிக்கா வெறும் பின்திரையாகத்தான் தொங்குகிறது, அங்குள்ள மனிதருக்கு வாயே கொடுக்கப்படவில்லை என்றார். அதை மொழிபெயர்த்து இங்கே பத்துக் கட்டுரை வந்திருக்கும். மொழிபெயர்த்தவர் கதையிலும் முதலாளி எண்ணிக்கொண்டுதான் இருப்பார்.

(பக்கத்து வீட்டுப் பறங்கி ஆன்டி ஒருமுறை சொன்னா: “படத்தில எங்கட ஆக்கள் வந்தா கவுனும் போத்தலும்தான் மகன்.” அவ வாழ்நாளில் ஒரு துளி தொட்டதில்லை. அது தனிப் பதிவு.)

இப்போது கமெண்ட்டில் வரப்போகிறவர்களுக்கு.

‘அது நிறவெறி, இது இனமுரண்பாடு, இரண்டையும் குழப்பக் கூடாது.’ நல்லது ஐயா, பரீட்சைக்கு உதவும்.

‘அவங்களும் எங்களை எழுதுறாங்கதானே, அவங்களிட்டயும் எங்களுக்கு ஒரு சொல் இருக்குதானே.’ இருக்கிறது. எனக்கும் சொல்லியிருக்கிறார்கள், முகத்துக்கு நேரே. அதை அவர்கள் வீட்டு எழுத்தாளர்கள் கேட்கட்டும். நான் என் வீட்டைக் கூட்டுகிறேன்.

‘பெரிய இனவாதம் அரசாங்கத்திடம் இருக்க, நீ சின்னதைப் பிடித்துத் தொங்குகிறாய்.’ இது நியாயமான கேள்வி, இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. 1956இன் ‘சிங்களம் மட்டும்’ சட்டத்தையும் 1983இன் இனக்கலவரத்தையும் நான் மறக்கவில்லை. ஆனால் பெரியது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். 2018 பெப்ரவரி, அம்பாறை டவுன். முஸ்லிம் கடையொன்றில் சாப்பாட்டுக்குள் ஒரு கட்டி கிடந்தது. மலடாக்கும் குளிசை என்றார்கள். கடையை உடைத்தார்கள், பள்ளிவாசலை உடைத்தார்கள். அரச இரசாயனப் பகுப்பாய்வில் பிறகு தெரிந்தது, அது மா. வெறும் மாக்கட்டி. ஒரு மாக்கட்டிக்குப் பள்ளிவாசலை உடைக்கும் பலம் எங்கிருந்து வந்தது? கட்டி கிடைக்குமுன்னே கதை தலைக்குள் இருந்தது. அந்தக் கட்டி வீடியோவை எனக்கு அனுப்பியவர்கள் சிங்களவர்கள் இல்லை. ‘கவனம் சேர்’ என்று எழுதி அனுப்பியவர்களில் இருவர் சனிக்கிழமை டொம் ரொபின்சனுக்காக அழுதார்கள்.

‘சத்துருக்கொண்டானை மறந்திட்டியா?’

இதை எழுதியவருக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். காத்தான்குடி 1990 ஓகஸ்ட் 3. சத்துருக்கொண்டான் செப்டெம்பர் 9, அங்கே கொன்று போட்டது தமிழர்களை. நடுவில் முப்பத்தேழு நாள். அந்த நாட்களை எனக்கு நீங்கள் எண்ணிக் காட்டத் தேவையில்லை. என் பெரியம்மாவின் மகன் அந்த வருடம் சாமான் வாங்க என்று வெளியே போனவன். பெரியம்மா அவன் சைக்கிளை விற்கவில்லை, யாருக்கும் கொடுக்கவில்லை. மாதம் ஒருமுறை என்னைக் கூப்பிட்டு டயருக்குக் காற்று அடிக்கச் சொல்வா. “வந்தா உடன ஓட வேணும் மனே” என்பா. அவ கண் மூடும்வரை அடித்தேன். ஆகவே துக்கம் எது என்று எனக்குக் கமெண்ட்டில் வகுப்பு எடுக்க வேண்டாம், தயவுசெய்து. என் துக்கத்தைக் காட்டி இன்னொருவரின் மைக்கைப் பிடுங்க நான் விடமாட்டேன், அவ்வளவுதான்.

நான் எங்கோ போய்விட்டேன். மைக் விஷயத்துக்கு வருகிறேன்.

1940இல் ஹாட்டி மக்டானியல் என்ற நடிகைக்கு ஒஸ்கார் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான். கிடைத்தது ஒரு வேலைக்காரி வேடத்துக்கு. விழாவில் அவரைச் சக நடிகர்களோடு உட்கார விடவில்லை, சுவரோரமாகத் தனி மேசை போட்டார்கள். சனிக்கிழமை இடைவேளைத் தேநீரில் இது ஞாபகம் வந்தது. அந்தப் பிள்ளையைச் சுற்றி நாலு கதிரை காலி. யாரும் ஒதுக்கவில்லை, சும்மா காலி. பிறகு எங்கள் ஆள் ஒருவர், நல்ல மனிதர், உண்மையிலேயே நல்ல மனிதர், ரோல்ஸ் தட்டை நீட்டி மண்டபமே கேட்கச் சொன்னார்: “ஹலால்தான் தங்கச்சி, பயப்படாமச் சாப்பிடுங்க.” அவள் ஒன்றை எடுத்தாள். நன்றி சொன்னாள். கடிக்காமல் கடதாசித் தட்டில் வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள். மேடையில் அடுத்துப் பேசியவர், கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்றார். அந்த ரோல்ஸ் அங்கேயே கிடந்தது.

அவளுடைய கேள்விக்கு அங்கே ஒருவரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எழும்பி நின்றேன், சத்தம் போட்டேன், ஆனால் பதில் சொல்லவில்லை. அந்தப் படத்தில் மேல்மாடிக்காரர்கள் எழும்பி நின்ற மாதிரி நானும் நின்றேன் என்று யாரோ பெருமையாகப் போட்டிருந்தீர்கள். அதை அழித்துவிடுங்கள். நான் கீழே இருந்தவன்.

ஞாயிறு காலை அந்தச் சிற்றிதழைத் தேடி எடுத்தேன். ஓரம் கறையான் அரித்திருக்கிறது, கதை தப்பியிருக்கிறது. காசு எண்ணும் வரியைச் சிவப்புப் பேனையால் வெட்டினேன். அந்த இடத்தில் அவர் கை வேறு என்ன செய்கிறது என்று எழுதப் பார்த்தேன். அம்மாவோடு போய், பொங்கலுக்குப் பொங்கல் அந்தக் கடையில் துணி எடுத்திருக்கிறோம். எனக்குக் கல்யாண வேட்டி எடுத்ததும் அங்கேதான். அவர் கையை எத்தனையோ தரம் பார்த்திருப்பேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.