எங்க நாய் ஒண்ணும் பண்ணாது

நாய் வளர்க்குற எல்லாரும் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொல்ற வார்த்தை இது. "பயப்படாதீங்க, எங்க நாய் ஒண்ணும் பண்ணாது." நானும் ரெண்டு வருஷத்துக்கு மேல சொல்லிட்டுதான் இருந்தேன். இப்ப சொல்றதில்ல. ஏன்னு எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல இருக்கு, கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுமையா படிங்க.

நாங்க மதுரைல வாடகை வீட்டுல இருக்கோம், முதல் மாடி. 2021 ஐப்பசி மழைல ஒரு சாயங்காலம் பையன் டியூஷன் முடிஞ்சு வந்தான், சட்டைய கழட்டி எதையோ சுருட்டி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நின்னான். உள்ள பாத்தா ஒரு கருப்பு குட்டி, கண்ணு தொறந்து கொஞ்ச நாள்தான் ஆயிருக்கும், உள்ளங்கைல அடங்கிடும், உடம்பெல்லாம் வாய்க்கால் சேறு. ராத்திரி மட்டும் இருக்கட்டும் காலைல பாக்கலாம்னுதான் சொன்னேன். பையன் அன்னிக்கே கடுகுன்னு பேரும் வச்சுட்டான். பேர் வச்சப்புறம் எப்படிங்க வெளிய விடுறது.

அதுக்கப்புறம் ஒரு தடவ வீடு மாத்துனோம், நாய் இருக்குன்னு தெரிஞ்சதும் எத்தனை ஓனர்ங்க அட்வான்ஸ் பேசி முடிச்ச பிறகு வேணாம்னாங்கன்னு கணக்கே இல்ல. அப்பல்லாம் கோவம் கோவமா வரும். இப்ப இருக்குற வீட்டு ஓனர் ஒத்துக்கிட்டதே பெரிய விஷயம்.

சந்தோஷத்த முதல்ல சொல்லிடறேன். காலைல அஞ்சே காலுக்கு கடுகு கட்டில் ஓரத்துல மூக்க வச்சு ஒரு மூச்சு விடுவா, குரைக்க மாட்டா, அந்த மூச்சு மட்டும்தான். நான் எழுந்து உக்காந்ததும் முன்னங்கால் ரெண்டையும் நீட்டி முதுக வளைச்சு ஒரு சோம்பல் முறிப்பா, அத பாத்தாலே எனக்கு தூக்கம் போயிடும். நான் வெள்ளரிக்கா நறுக்குனா எந்த ரூம்ல தூங்குனாலும் சத்தம் கேட்டு வந்துடுவா. சப்பாத்தி தேய்க்கும்போது என் குதிகால்ல முதுக ஒட்டி படுத்துப்பா, அந்த சூடு, நாய்க்கு நம்மள விட உடம்பு சூடு கொஞ்சம் ஜாஸ்தி இல்லையா, 101, 102 டிகிரி அதுக்கு நார்மல், மார்கழி மாசத்துல அந்த சூட்டுக்காகவே ரெண்டு சப்பாத்தி கூட தேய்ப்பேன். என் வண்டி தெருமுனை திரும்பும்போதே எழுந்து கதவுகிட்ட நின்னுடுவாளாம், அதே மாடல் வண்டி பக்கத்து வீட்லயும் இருக்கு, அதுக்கு எழ மாட்டா.

அவளால எனக்கு தெரு தெரிஞ்சுது. அதுக்கு முன்னாடி ஆபீஸ், வீடு, ஆபீஸ்தான். இப்ப பூக்காரம்மா, டீக்கடைக்காரர், வாசல் தெளிக்கிற பாட்டி எல்லாரும் பழக்கம், என் பேர் அவங்களுக்கு தெரியாது, கடுகம்மான்னுதான் கூப்பிடுவாங்க. எனக்கு அது பிடிச்சிருக்கு.

கஷ்டமும் சாதாரணமில்ல. பணம்கூட எப்படியோ சமாளிச்சிடலாம், நேரம்தான் பெருசு. காலைல அரைமணி, சாயங்காலம் அரைமணி, மழையா இருந்தாலும் காய்ச்சலா இருந்தாலும் கீழ கூட்டிட்டு போய்தான் ஆகணும். எங்க வீட்ல நாலு பேரும் சேர்ந்து ஒரு கல்யாணத்துக்கு போய் மூணு வருஷமாச்சு, யாராவது ஒருத்தர் வீட்ல. தீபாவளிக்கு மூணு நாள் கட்டிலுக்கு அடில இருந்து வெளிய வர மாட்டா. நமக்கு கேக்காத சத்தமே அதுங்களுக்கு கேக்கும்போது அணுகுண்டு வெடி எப்படி கேக்கும்னு யோசிச்சு பாருங்க. ஜன்னல மூடி ஃபேன ஃபுல்லா வச்சு நான் தரையில பக்கத்துலயே படுத்துக்குவேன்.

அப்புறம் உண்ணி. இத அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும். போன கோடைல ராத்திரி சாப்பாடு முடிச்சு டார்ச் அடிச்சு கடுகோட கால் விரல் இடுக்கு, காது மடல், கழுத்து பட்டைக்கு அடி எல்லாத்தையும் பாப்போம். குட்டி உண்ணி எள்ளு மாதிரி இருக்கும், ரத்தம் குடிச்சது சாம்பல் கலர்ல கொண்டக்கடலை மாதிரி ஊதியிருக்கும். அத இடுக்கில தோலுக்கு ஒட்டி பிடிச்சு நேரா இழுக்கணும், திருகுனா வாய் உள்ளயே நின்னுடும், நசுக்கவும் கூடாது, டெட்டால் தண்ணி பாட்டில்ல போட்டு மூடிடணும். ஒரு நாள் 43 எண்ணுனேன். நாய் மேல இருக்குறது கொஞ்சம்தான், ஒரு பொட்டை உண்ணி ஆயிரக்கணக்குல முட்டை போடும், அதெல்லாம் சுவர் விரிசல்லயும் கட்டில் சந்துலயும் இருக்கும், அதனால நாய மட்டும் குளிப்பாட்டி பிரயோஜனம் இல்ல, வீட்டையும் சேத்து மருந்து அடிக்கணும். இது எனக்கு லேட்டாத்தான் புரிஞ்சுது. அதுக்குள்ள கடுகுக்கு உண்ணி காய்ச்சல். வெள்ளரிக்கா நறுக்குனேன், வரல. அப்பவே வயித்துல ஏதோ பண்ணுச்சு. ஈறு வெளுத்து போயிருந்துச்சு, மறுநாள் மூக்குல ரத்தம். டெஸ்ட்ல பிளேட்லெட் நாப்பதாயிரத்துக்கும் கீழ, நல்லா இருக்குற நாய்க்கு ரெண்டு லட்சமாவது இருக்கணும். 28 நாள் டாக்ஸிசைக்ளின் மாத்திரை, வெறும் வயித்துல குடுத்தா வாந்தி, அதனால ஈரல் துண்டுக்குள்ள வச்சு ஊட்டுனேன். பதினோராவது நாள் நான் அடுப்படில எதுக்கோ கத்திய எடுத்தப்ப வாசல்ல வந்து நின்னா. வெள்ளரிக்காவே இல்ல வீட்ல. பையன் சைக்கிள எடுத்துட்டு ஓடுனான் வாங்க.

இவ்வளவு சொல்றது எதுக்குன்னா, நாய் மேல எனக்கு பாசம் இல்லாம அடுத்தத சொல்லலன்னு உங்களுக்கு தெரியணும்.

எங்க மாடில எதிர் வீட்டு அக்காவுக்கு அம்பது வயசுக்கு மேல. நாங்க இந்த வீட்டுக்கு வந்ததுலேர்ந்து கடுக பாத்தா கதவ மூடிடுவாங்க, படில சத்தம் கேட்டா திரும்ப உள்ள போயிடுவாங்க. நான் ஒவ்வொரு தடவையும் சிரிச்சுக்கிட்டே "அக்கா, அது ஒண்ணும் பண்ணாதுக்கா"ன்னுவேன். மனசுக்குள்ள, என்ன இது இவ்ளோ சாது பிள்ளைய பாத்து இப்படி பண்றாங்களேன்னு ஒரு வருத்தம், நிஜத்த சொன்னா கொஞ்சம் எரிச்சலும்தான். போன வருஷம் ஒரு காலைல நான் செருப்பு மாட்ட குனிஞ்சேன், கயிறு கைல இருந்து நழுவிடுச்சு. அக்கா பால் பாக்கெட்டோட படி ஏறி வந்துட்டு இருந்தாங்க. கடுகு வால ஆட்டிக்கிட்டே பாஞ்சு ரெண்டு கால தூக்கி அவங்க மேல வச்சுட்டா. கடிக்கல, கீறல, ஒண்ணுமே பண்ணல. அக்கா சுவர்ல சாஞ்சு அப்படியே வழுக்கி படில உக்காந்துட்டாங்க, பால் ஒடஞ்சு படியெல்லாம் ஓடுது, அவங்க வாய்லேர்ந்து சத்தமே வரல. ஒரு கை மட்டும் வயித்த இறுக்கி பிடிச்சிருந்துச்சு. அந்த கை எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது.

சாயங்காலம் மன்னிப்பு கேக்க போனேன். அப்பத்தான் சொன்னாங்க. ஒம்பது வயசுல உசிலம்பட்டி பக்கம் அவங்க ஊர்ல வெறிநாய் கடிச்சிருக்கு. அந்த காலத்து ஊசி, ஆட்டு மூளைல இருந்து தயாரிச்ச மருந்து, தொப்புள சுத்தி 14 ஊசி. தினமும் விடியக்காலைல அப்பா பஸ்ல கூட்டிட்டு போவாராம், ஊசி போட்ட இடம் கல்லு மாதிரி வீங்கி பஸ் குலுங்குறப்பல்லாம் ரெண்டு கையாலயும் வயித்த பிடிச்சுக்குவாங்களாம். அந்த மருந்த நம்ம நாட்ல நிறுத்துனதே 2004 வாக்குலதான். அதுவரைக்கும் எத்தனை பேர் வயித்துல அந்த ஊசி இறங்கியிருக்கும். "உன் நாய் நல்ல நாய்தாம்மா, எனக்கு தெரியும். என் உடம்புக்கு தெரியலையே, நான் என்ன செய்ய"ன்னாங்க.

அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ரெண்டு வருஷமா நான் அவங்ககிட்ட சொன்ன அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னா, உங்க பயம் தப்பு, அது உங்க பிரச்சனைன்னுதான் அர்த்தம். எத்தனை பேர்கிட்ட அத சொல்லியிருப்பேன்.

2025 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் டெல்லி தெரு நாய்கள எல்லாம் பிடிச்சு காப்பகத்துல அடைக்க சொல்லுச்சு, பதினோரு நாள்ல அத மாத்தி கருத்தடை பண்ணி தடுப்பூசி போட்டு பிடிச்ச இடத்துலயே விடுங்க, வெறி பிடிச்சதையும் ஆக்ரோஷமா இருக்குறதையும் மட்டும் விடாதீங்கன்னு சொல்லுச்சு. அதுலேர்ந்து முகநூல்ல ரெண்டு கட்சி. நாய் பக்கம் பேசுறவங்க, பயப்படுறவங்கள இரக்கமே இல்லாதவங்க மாதிரி பேசுறாங்க. நான் நாய் பக்கம்தான், சந்தேகமே வேணாம். ஆனா என் பக்கத்து ஆளுங்ககிட்டதான் நான் கேக்க முடியும். மனுஷனுக்கு வர்ற ரேபிஸ்ல நூத்துக்கு 99 நாய்கிட்ட இருந்துதான் வருது, அறிகுறி வந்துட்டா அனேகமா சாவுதான். இது தெரிஞ்சு ஒருத்தர் ஒதுங்கி நடந்தா அவர் மேல நமக்கு எதுக்கு கோவம்?

நாய நம்ம வீட்டு பிள்ளைன்னு சொல்றோம்ல, அப்ப அந்த பிள்ளையால இன்னொருத்தர் படி ஏற பயப்படுறாங்கன்னா அத சரி பண்ண வேண்டியது நாமதான். கயிறு இல்லாம வாசப்படி தாண்டக் கூடாது, அது எவ்ளோ சாதுவா இருந்தாலும். குட்டிக்கு மூணு மாசத்துல ரேபிஸ் ஊசி, அப்புறம் டாக்டர் சொல்ற தேதில பூஸ்டர், வருஷா வருஷம் தவறாம. ஊசி போட்டத குறிச்சு வைக்கிற புக்க பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட நாமளே கொண்டு போய் காட்டணும், அவங்க கேக்கற வரைக்கும் நிக்கக் கூடாது. மாநகராட்சி லைசென்ஸ் கேட்டா எடுங்க, சென்னைல மைக்ரோசிப்பும், அதான் நாய் தோலுக்கு அடில வைக்கிற அடையாள சிப், சேத்து கட்டாயம்னதுக்கு எத்தனை பேர் சண்டை போட்டாங்க, அந்த சண்டைல எனக்கு துளிகூட உடன்பாடு இல்ல. தெருவுல போறத கவர்ல எடுத்துடுங்க, அடுத்தவங்க கோலத்து மேல விட்டுட்டு எந்த மூஞ்சிய வச்சு உரிமை பேசறது. எப்பவாவது தவறிப்போய் பல்லு பட்டுடுச்சுன்னா, லேசா கீறுனாக்கூட, "ஊசி போட்ட நாய்தான்"னு சமாதானம் சொல்லாம குழாய் தண்ணில சோப்பு போட்டு பதினஞ்சு நிமிஷம் கழுவ வச்சு நாமளே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போகணும். இப்ப தொப்புள்ல இல்ல, கைலதான் ஊசி, அரசு ஆஸ்பத்திரில முதல் ஊசி போடுற நாள 0ன்னு வச்சு 0, 3, 7, 28ன்னு நாலு நாள், காசு கிடையாது. தோல் கிழிஞ்சு ரத்தம் வந்துட்டா கூடவே இம்யூனோகுளோபுலினும், அதான் காயத்துலயே போடுற, உடனே பாதுகாப்பு தர்ற மருந்து, போடணும், அத கேட்டு போட்டுக்கணும்.

இன்னொண்ணு, பிறந்தநாளுக்கு பிள்ளைங்க ஆசைப்படுதுன்னு ஹஸ்கி வாங்காதீங்க. பனியில இருக்குறதுக்குன்னு ரெண்டு அடுக்கு முடியோட பிறந்தத மதுரை சித்திரை வெயில்ல கட்டிப் போட்டுட்டு அது கத்துதுன்னு சலிச்சுக்குறவங்கள பாத்துருக்கேன், மனசு ஆறாது. நம்ம நாட்டு நாய்க்கு என்ன குறை? திருவண்ணாமலை மாவட்டத்துல தண்டராம்பட்டு பக்கம் எடுத்தனூர்ல ஒரு நடுகல் இருக்கு, மகேந்திரவர்ம பல்லவன் காலத்துது, 7ஆம் நூற்றாண்டு. வீரன் பக்கத்துல அவன் நாயும் நிக்கும், "கோவிவன்"னு அதோட பேரையும் வெட்டி, கள்ளனைக் கடிச்சு காத்து நின்னதையும் எழுதி வச்சிருக்காங்க. ஆயிரத்து நானூறு வருஷம் ஆகப் போகுது, அந்த நாய் பேர் நமக்கு தெரியும். அந்த வம்சம்தான் உங்க தெருவுல ஊசி போட ஆளில்லாம சுத்திட்டு இருக்கு. ஒண்ணு எடுத்து வளர்த்தா உங்களுக்கும் துணை, தெருவுக்கும் ஒரு பயம் கொறையும்.

எதிர் வீட்டு அக்கா இன்னும் கடுக தொட்டதில்ல. தொடணும்னு நான் கேட்டதும் இல்ல. எங்களுக்குள்ள ஒரு ஏற்பாடு, அவ்வளவுதான். நான் கீழ கூட்டிட்டு போறதுக்கு முன்னாடி கதவ லேசா தட்டிட்டு "அக்கா, வர்றோம்"னு சொல்வேன். அவங்க படி ஏறணும்னா கீழ இருந்தே குரல் குடுப்பாங்க, "ஏம்மா, கடுகு இருக்காளா?" நான் கயித்த ரெண்டு சுத்து கைல சுத்திக்கிட்டு "உக்காரு"ம்பேன், கடுகு சுவர் ஓரமா உக்காந்துடுவா. அக்கா அந்தப் பக்க கைப்பிடிய பிடிச்சுக்கிட்டு ஏறி வருவாங்க. நேத்து மேல வந்து கதவ தொறந்துட்டு திரும்பி நின்னு கேட்டாங்க, "உண்ணி எல்லாம் போயிடுச்சா அதுக்கு?" போயிடுச்சுக்கான்னேன். சரிம்மான்னு உள்ள போயிட்டாங்க.